பாசமும் பொறுப்பும்



சென்ற மாதம் ஆலயத்தில் அன்னதானப் பந்தியில் இருந்தபோது ஓர் அன்பர் என்னைக் கேட்டார்: "அண்ணை, உங்கடை கிளிக்கு இறகு முளைச்சிட்டுதோ? இல்லாட்டி இன்னும் உரிச்ச கோழிதானோ?" பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் பகிடியாகக் கேட்டார். அதில் பிழை இல்லை. ஆயினும் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. எமது பராமரிப்பில் வாழும் ஓர் உயிர், உணவும் உறைவிடமும் குறைவின்றி இருக்க, தன்னைத் தானே வருத்திக் கொள்ளுமானால் அதற்கு யார் பொறுப்பு? இக்கேள்வியை உங்களுடன் சேர்ந்து சிந்திக்கவே இதனை எழுதுகிறேன்.

சார்லி வந்த கதை

என்னிடம் வரிக்கணக்குப் பார்ப்பித்து வந்த ஒரு முதிய ஆங்கிலேயப் பெண்மணி, மூன்று வருடங்களுக்கு முன் முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போக நேர்ந்தது. அவர் வளர்த்த கிளியை அங்கே கொண்டு போக முடியவில்லை. "யாரும் எடுக்காவிட்டால் எங்கே போகுமோ தெரியாது" என்று கண் கலங்கினார். பிள்ளைகளும் ஆசைப்பட்டார்கள். கூட்டோடு தூக்கி வந்தேன். பெயர் சார்லி. வயது பதினெட்டு. ஆபிரிக்கச் சாம்பல் கிளி இனம். உடம்பு சாம்பல் நிறம், வால் மட்டும் குங்குமச் சிவப்பு.

எங்கள் ஊரில் பட்ட பனையின் பொந்திலிருந்து குஞ்சு எடுத்து, செட்டையை வெட்டி, மிளகாய்ப்பழம் கொடுத்து வளர்த்த பச்சைக்கிளிதான் எனக்குத் தெரிந்த கிளி. அதே அறிவோடுதான் சார்லியையும் வளர்க்கத் தொடங்கினேன். பெரிய கூடு, கோப்பை நிறையச் சூரியகாந்தி விதை, கச்சான், சுத்தமான தண்ணீர், குளிருக்கு ஹீற்றர். இதற்கு மேல் ஒரு கிளிக்கு என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

இந்நாட்டில் சுயதொழில் செய்வோர் இணையம் மூலம் வரிக்கணக்குக் கொடுக்கும் கடைசி நாள் ஜனவரி 31 என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்த மாதம் எம் போன்ற கணக்காளருக்கு இரவும் பகலும் ஒன்றுதான். காலை ஏழு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வருவேன். மனைவிக்கும் வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அம்மா மட்டும் மேல்மாடி அறையில். வந்த முதல் ஜனவரியில் ஓர் இரவு நான் சப்பாத்தைக் கழற்று முன்னரே அம்மா கூப்பிட்டார்: "தம்பி, இஞ்சை வந்து பார். இது தன்ரை இறகைத் தானே பிடுங்குது."

கூட்டின் அடியில் விரித்த கடதாசி முழுவதும் சாம்பல் நிறப் பூவிறகுகள். நெஞ்சில் உள்ளங்கை அளவுக்கு வெறும் தோல். நாங்கள் பார்த்துக் கொண்டிருக்கும்போதே சார்லி சொண்டைத் தாழ்த்தி இன்னோர் இறகை வேரோடு இழுத்துச் சிறிது மென்று கீழே போட்டது. தலையில் மட்டும் இறகு முழுமையாக இருந்தது. அதன் காரணத்தைப் பின்னர் அறிந்தேன். தன் சொண்டு தன் தலைக்கு எட்டாது. தலை அழகாக இருந்து உடம்பு மொட்டையாக இருந்தால், பெரும்பாலும் பிடுங்குவது அந்தப் பறவையேதான். தலையிலும் இறகு போனால் வேறு நோயையோ கூட இருக்கும் பறவையையோ சந்தேகிக்க வேண்டும்.

வைத்தியர் கேட்ட கேள்வி

என் முதல் எண்ணம், இது ஒரு கெட்ட பழக்கம் என்பதே. அதட்டினேன். கூட்டில் தட்டினேன். பிறகு ஒருவர், கழுத்தில் பிளாஸ்ரிக் பட்டி போட்டால் சொண்டு நெஞ்சுக்கு எட்டாது, பிரச்சினை முடிந்தது என்றார். அதையும் வாங்கினேன். நல்ல காலம், அதைப் போடுமுன் பறவைகளைப் பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இறகு பிடுங்கும் கிளியைக் கண்டதும் "மனக்கவலை" என்று நாமே முடிவு கட்டக் கூடாது. தோலில் கிருமித் தொற்று, ஒட்டுண்ணிகள், ஈரல் வருத்தம், சொண்டையும் இறகையும் தாக்கும் வைரஸ், துத்தநாகம் பூசிய கம்பியைக் கடிப்பதால் ஏறும் நஞ்சு என்று உடம்பு சார்ந்த காரணங்கள் பல உண்டு. விதை மட்டும் தின்று வளரும் கிளிக்கு உயிர்ச்சத்து ஏ போதாது. சாம்பல் கிளிக்குக் கல்சியமும் குறைந்து விடும். ஹீற்றர் போட்ட வீட்டின் வறண்ட காற்றும் புகையும் தோலை அரிக்கச் செய்யும். இரத்தம் சோதித்து, படம் பிடித்துப் பார்த்த பின்னர்தான் மனத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

சார்லியின் சோதனைகளில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. சாப்பாடு சரியில்லை என்றார் வைத்தியர். பிறகு பேனாவை வைத்து விட்டு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "நாள் முழுவதும் இது என்ன செய்கிறது?"

நான் வாய் திறந்தேன்; பதில் வரவில்லை. என்ன சாப்பிடுகிறது, எத்தனை மணிக்குத் தூங்குகிறது, கூட்டின் விலை என்ன என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்ன செய்கிறது? ஒன்றும் செய்யவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லை.

காட்டில் வாழும் கிளி விடிந்ததும் கூட்டத்தோடு பறந்து போகிறது. எந்த மரத்தில் எது பழுத்திருக்கிறது என்று தேடி, தோலை உரித்து, கொட்டையை உடைத்து, நாளில் பல மணி நேரம் உணவுக்காக உழைக்கிறது. மிகுதி நேரம் சோடியோடு இறகு கோதுகிறது, சத்தம் போடுகிறது, சண்டை பிடிக்கிறது. கூட்டுக் கிளியின் சாப்பாடு சில நிமிடங்களில் முடிந்து விடுகிறது. பிறகு மாலை வரை என்ன? கோதுவதற்குத் தன் உடம்பு மட்டுந்தான் கையில், அதாவது சொண்டில், இருக்கிறது. கோதல் பிடுங்கலாக மாறுகிறது.

இது கற்பனை அன்று. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இளம் அமேசன் கிளிகளில் ஒரு பகுதியை வெறுங்கூட்டிலும், மறு பகுதியைத் தேடி எடுக்கும் உணவும் ஏறி விளையாடும் பொருட்களும் உள்ள கூட்டிலும் வளர்த்தார்கள். வெறுங்கூட்டுக் கிளிகளின் இறகு கெட்டது. அவற்றுக்கும் பின்னர் அதே வசதிகளைக் கொடுத்தபோது நிலைமை தேறியது. வியன்னா ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு சாம்பல் கிளிகளைப் பற்றியது. எம் உடம்பின் உயிரணுக்களில் மரபுத் திரிகளின் நுனியில் ரெலோமியர் என்றொரு பகுதி உண்டு. வயதோடும் வாழ்க்கை நெருக்கடியோடும் அது தேயும். தனியே வைக்கப்பட்ட கிளிகளின் ரெலோமியர், சோடியோடு வாழ்ந்த அதே வயதுக் கிளிகளினதை விடக் குறுகியிருந்தது. தனிமை உயிரணு வரை இறங்கி எழுதி வைக்கிறது.

ஐந்தொகையில் எந்தப் பக்கம்?

நான் தொழிலால் கணக்காளன். ஒரு நிறுவனத்தின் ஐந்தொகையில் சொத்து ஒரு பக்கம், பொறுப்பு மறு பக்கம். பிறருக்கு நாம் செலுத்த வேண்டியதைத்தான் கணக்கியலில் "பொறுப்பு" என்கிறோம். அந்தச் சொல்லைப் பல்கலைக்கழகத்தில் படித்த நாள் முதல் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். அதன் மற்றப் பொருளை ஒரு கிளிதான் நினைவூட்டியது. நான் சார்லியைச் சொத்துப் பக்கத்தில் எழுதியிருந்தேன். பேசும் கிளி, விருந்தினர் வந்தால் காட்டுவதற்கு. உண்மையில் அது பொறுப்புப் பக்கத்தில் வர வேண்டிய பதிவு.

"நீங்கள் எடுத்திராவிட்டால் அதன் கதி என்ன? நீங்கள் காப்பாற்றியவர் அல்லவா?" என்று சிலர் சொன்னார்கள். இந்த வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இது எங்கே தவறுகிறது என்பது எனக்குச் சொந்த அனுபவத்தால் தெரியும். 2010 இல் அகதியாக இந்நாட்டுக்கு வந்து, வட இங்கிலாந்தின் ஒரு நகரில் விடுதி அறையொன்றில் பதினான்கு மாதம் முடிவுக்காகக் காத்திருந்தேன். சாப்பாடு இருந்தது. கட்டில் இருந்தது. குண்டுச் சத்தம் இல்லை. வேலை செய்ய மட்டும் அனுமதி இல்லை. உயிர் தந்தவர்களுக்கு நான் அன்றும் நன்றியுள்ளவன், இன்றும் நன்றியுள்ளவன். அதே வேளை அந்த அறையில் காலை எழுந்து, இன்று நான் எழும்ப வேண்டிய காரணம் என்ன என்று தெரியாமல் யன்னலைப் பார்த்துக் கொண்டிருந்த நாட்களும் உண்மை. நகத்தைச் சதை தெரியும் வரை கடிப்பேன். நன்றியும் குறையும் ஒரே நெஞ்சில் இருக்கலாம். ஒன்று மற்றதைப் பொய்யாக்காது.

ஆகவே நேற்றுக் காப்பாற்றினேன் என்ற வரவு, இன்று கொடுக்க வேண்டியதை ஈடு செய்யாது. ஆபத்து இல்லாமை வேறு, வாழ்க்கை வேறு. இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையில் உள்ள 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஏற்ற சூழல், ஏற்ற உணவு, துன்பம் நோயிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றோடு, அந்த உயிரின் இயல்பான நடத்தைக்கு இடம், துணையோடோ தனித்தோ அதற்கு ஏற்றவாறு வைத்தல் என்பனவும் வளர்ப்பவரின் கடமை என்று அச்சட்டம் வகுத்திருக்கிறது.

அப்படியானால் கூட்டைத் திறந்து விட்டு விடலாமே என்று பிள்ளைகள் கேட்டார்கள். லண்டன் பூங்காக்களில் பச்சைக்கிளிகள் கூட்டங் கூட்டமாகப் பறப்பதைப் பார்த்தவர்கள் அவர்கள். அவை ஆசியாவிலிருந்து கூண்டுப் பறவைகளாக வந்து தப்பியவற்றின் சந்ததி. குளிரைத் தாங்கப் பழகியவை. ஆபிரிக்க மழைக்காட்டு இனமாகிய சார்லி, மனிதர் கையால் வளர்ந்தது, இங்கே ஒரு மாரியைத் தாண்டாது. அந்நிய இனப் பறவையை வெளியே விடுவது இங்கு சட்ட விரோதமும் ஆகும். விடுவிக்கவும் முடியாது, இருந்தபடி வைத்திருக்கவும் கூடாது. இந்த நிலையில் அகப்பட்டவனுக்கு அறம் என்ன சொல்கிறது? இருக்கும் இடத்தை வாழும் இடமாக்கு என்கிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கழுத்துப்பட்டி பற்றியும் ஒரு வார்த்தை. பறவை இறகோடு நில்லாமல் தோலையும் சதையையும் கிழித்து இரத்தம் வருமானால், வைத்தியர் சொற்படி சில காலம் பட்டி போடுவது அவசியம். அது காயத்தைக் காக்கும். ஆனால் காரணத்தைத் தேடாமல் பட்டியை மட்டும் போடுவது, அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவது போன்றது. இறகு அழகாக வளர்ந்தால் எமக்கு நிம்மதி. பறவைக்கு?

செய்தவையும் கிடைத்தவையும்

இதே நிலையில் உள்ளவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். விதையைத் திடீரென்று நிறுத்தாமல், வைத்தியர் சொன்ன குளிசை உணவுக்குச் சிறிது சிறிதாக மாற்றினோம். கரட், வற்றாளங்கிழங்கு, கீரை, மிளகாய்ப்பழம் கொடுத்தோம். மிளகாயின் உறைப்புக் கிளிக்குத் தெரியாது. வாரத்தில் சில நாள் இளஞ்சூட்டுத் தண்ணீர் தெளித்துக் குளிக்க விட்டோம். வரவேற்பறையில் இரவு பதினொன்றரை வரை தொலைக்காட்சி ஓடும். சார்லிக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேர நித்திரை வேண்டும் என்பதால் கூட்டை அமைதியான அறைக்கு மாற்றினோம். பறவையின் சுவாசப்பை மிக மென்மையானது. ஆகவே அந்த அறையில் சாம்பிராணி, கற்பூரம், சிகரெட் புகை எதுவும் இல்லை. ஒட்டாத பூச்சுள்ள சட்டி அளவு மீறிச் சூடானால் வரும் ஆவி கிளியை நிமிடக் கணக்கில் கொன்று விடும்; அந்தச் சட்டிகளை வீட்டை விட்டே அகற்றினோம். பிடுங்கும்போது கத்துவதையும் ஓடிப் போவதையும் நிறுத்தினோம். பிடுங்கினால் ஆட்கள் வருவார்கள் என்று அது படித்து விடும் அல்லவா? பிடுங்காமல் இருக்கும்போதுதான் பக்கத்தில் போய்க் கதைத்தோம்.

முக்கியமானது சாப்பாட்டைத் தேட வைத்தது. கச்சானைக் கடதாசியில் சுற்றி, சிறு பெட்டிக்குள் வைத்து, பெட்டியை மரக்கொப்பில் கட்டித் தொங்க விட்டால் ஒரு கச்சானுக்காகச் சார்லி கால் மணி நேரம் உழைக்கும். இதைத் தினமும் யார் சுற்றுவது? வைத்தியர் கேட்ட கேள்வியை வீட்டில் சொன்னபோது அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்து விட்டுச் சொன்னார்: "அந்த டொக்டர் என்னட்டையும் ஒருக்கா இதைக் கேட்டிருக்கலாம்."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக் கொண்டேதான் சொன்னார். நான் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக் கொண்டிருந்தேன். அம்மாவுக்கு நல்ல அறை, நல்ல ஹீற்றர், நேரத்துக்கு மருந்து, தமிழ்த் தொலைக்காட்சி. "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் அம்மா, இருங்கோ" என்று நான் எத்தனை தரம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! ஊரில் விடிய எழும்பி முற்றம் கூட்டி, கோழிக்குத் தீன் போட்டு, கோயிலுக்குப் பூக் கட்டிய கைகள் அவை.

அம்மாவைக் கிளியோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். தாய் எனக்குப் பொறுப்பாக வந்தவர் அல்லர். நான்தான் அவருக்குப் பொறுப்பாகப் பிறந்தவன். ஒரு கிளி கேட்க வைத்த கேள்வி அவரிடமும் பொருந்தியது என்பதே நான் சொல்வது. இப்போது காலையில் அம்மா கீழே வந்து கச்சான் சுற்றுகிறார். சனிக்கிழமைகளில் ஆலயத்தில் பூக் கட்டும் தொண்டுக்கும் போகிறார். கிளிக்குக் கச்சான் சுற்றுவது ஒரு மனுசிக்குப் போதுமான வாழ்க்கை என்று நான் நினைக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

சார்லியின் செட்டைக்குக் கீழே எட்டு மாதத்தில் பஞ்சு போல் இறகு முளைத்தது. நெஞ்சின் நடுவில் ஒரு வட்டம் மட்டும் இன்றும் மொட்டை. திரும்பத் திரும்பப் பிடுங்கினால் இறகு முளைக்கும் குழியே பழுதாகி விடும். அந்த இடம் இனி மூடாமலே இருக்கலாம் என்றார் வைத்தியர். அடுத்த ஜனவரியிலும் சிறிது பிடுங்கியது. இந்த ஜனவரியில் நான் வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்து வேலை செய்தேன், குறைந்தது. முற்றாக நிற்கவில்லை. பந்தியில் கேட்ட அன்பருக்கு என் பதில் இதுதான்: இறகு முழுவதும் வரவில்லை, வராமலும் போகலாம். இறகு வந்தால்தான் கடமை என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

கையில் உள்ள கிளி

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்று ஒன்று உண்டு. முற்காலத்தில் அங்கே கிளிகளைக் கூடுகளில் வைத்து அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். இன்று அங்கே கிளிகள் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. திருவண்ணாமலைக் கிளிக் கோபுரம், அருணகிரிநாதர் கிளியுருவில் வந்தமர்ந்த இடம் என்பது ஐதீகம். மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் கையிலும் கிளி இருக்கிறது. கவனித்துப் பாருங்கள், அந்தக் கிளிகளைச் சுற்றிக் கூடு இல்லை. கை திறந்திருக்கிறது.

எமது சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்கிறது. அங்கே பாசம் என்றால் உயிரைக் கட்டும் தளை. வீட்டில் நாம் பேசும் தமிழிலே பாசம் என்றால் அன்பு. ஒரே சொல்லுக்கு ஏன் இந்த இரண்டு பொருளும் என்று இளமையில் யோசித்ததுண்டு. இப்போது கொஞ்சம் விளங்குகிறது. நாம் அன்பென்று கொடுப்பது மற்ற உயிர் செய்ய வேண்டியதை எல்லாம் பறித்து விட்டால், அன்பே கயிறாகி விடும். அது அசையவும் தேடவும் தேவைப்படவும் இடம் விட்டால், அதே கயிறு ஊஞ்சலாகவும் ஆகும்.

கிளி வாங்க நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். சாம்பல் கிளி நன்றாகப் பராமரித்தால் நாற்பது, ஐம்பது ஆண்டு வாழக்கூடியது. பிள்ளை கேட்டது என்று வாங்கினால் அந்தப் பிள்ளை தாய் தகப்பனான பின்னும் அது இருக்கும். காடுகளில் பிடித்துப் பிடித்தே அருகிப் போனதால், 2017 முதல் காட்டில் பிடித்த சாம்பல் கிளிகளின் உலக வணிகத்துக்குத் தடை உண்டு. வீட்டில் நாள் முழுவதும் ஆள் இல்லையென்றால் வாங்காதீர்கள். ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிச் சென்று பறக்கும் கிளிகளைக் காட்டுங்கள். ஏற்கெனவே வீட்டில் கிளி இருந்தால், இன்றிரவு அதன் முன் சிறிது நேரம் இருந்து பாருங்கள்: நாள் முழுவதும் இது என்ன செய்கிறது? பிறகு மேல்மாடி அறைக் கதவையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க எல்லாம் வல்ல எம்பெருமான் அருள் புரிவாராக.